கடலும் மலையும் பார்க்கக் கட்டிய சாமான்

என் மனைவியின் தம்பி சுவிஸில் இருக்கிறான். சின்ன வயதிலேயே போனவன். தாய் இல்லாத பிள்ளை. வளர்த்தது இவள்தான். எங்களுக்கு வேறு பிள்ளைகள் இல்லை.

போன வருடம் ஆவணியில் போன் எடுத்தான்.

“அத்தான், ஐப்பசியில வாறம். இஞ்ச அப்பதான் மரமெல்லாம் இலை கொட்டுற காலம். பிள்ளையளுக்குப் பள்ளிக்கூட லீவு. இந்த முறை அக்காவையும் உங்களையும் ஏத்திக்கொண்டு ஒரு பெரிய ரூர் போறம். முதல் கடல், பிறகு மலை.”

“ஐப்பசி இஞ்ச விதைப்பு,” என்றேன்.

“விதைச்சுப்போட்டு வாங்கோவன். நெல்லு தன்ரபாட்டில முளைக்கும். பக்கத்தில இருந்து தாலாட்டோ பாடப் போறியள்?”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் வயலை மறந்து கனகாலம்.

கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் நாங்கள் புழுதியில்தான் விதைக்கிறது. காய்ந்த மண்ணை உழுது, நெல்லை எறிந்துவிட்டு, மழைக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மழை பிந்தினால் குருவி தின்னும். ஒரேயடியாகக் கொட்டினால் வரம்பை வெட்டித் தண்ணீரை விட வேண்டும். விடாவிட்டால் முளை அழுகும். அந்த நேரம் ஊரை விட்டுப் போகிறவன் இல்லை.

ஆனாலும் வயலை ஒரு மாதிரிச் சமாளிக்கலாம். பெரிய சிக்கல் மனைவி.

இப்போது இருக்கிற வீடு, இந்தக் காணியில் நாங்கள் கட்டிய மூன்றாவது வீடு. சண்டையில் முதல் வீட்டை விட்டு இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் நிலைகூட இல்லை. இரண்டாவதில் சுவரும் இல்லை. மூன்றாவதில் குடிபுகுந்த பிறகு அவள் ஒரு இரவும் வெளியில் படுத்ததில்லை. கலியாண வீடு என்றால் காலையில் போய்ப் பின்னேரம் வந்துவிடுவாள். ஒரு முறை ஆஸ்பத்திரியில் வாட்டில் நிற்கச் சொன்னார்கள். மறுத்துக் கையெழுத்து வைத்துவிட்டு, ஊசி குத்திய கையோடு பஸ் ஏறி வந்தாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லி என்ன.

தம்பிக்கு இது தெரியாது. அவன் இந்த வீட்டைப் போனில்தான் பார்த்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்துத் திட்டம் போடுவான். நான் குசினி மேசையில் சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைப்பேன். முல்லைத்தீவால் இறங்கி, நாயாறு தாண்டி, புல்மோட்டையால் திருகோணமலை. அங்கே ஒரு இரவு. மட்டக்களப்பில் ஒரு இரவு. பிறகு மலை ஏறிப் பதுளை, பண்டாரவளை, நுவரெலியா. கண்டியால் இறங்கி வவுனியா வழியாக வீடு. மழை பிடித்தால் நாயாற்றுப் பக்கம் தண்ணீர் நிற்கும் என்றேன். மலைப்பக்கம் மண் சரியும் என்றேன்.

“அத்தான், உங்களை ரூருக்குக் கூப்பிட்டனான், வானிலை அறிக்கை வாசிக்கக் கூப்பிடேல்லை.”

மனைவி பக்கத்தில் இருந்து பயற்றங்காய் முறித்தாள்.

“அக்கா, உங்களுக்கு எந்த இடம் பாக்க விருப்பம்?”

“எனக்கு எந்த இடம் தெரியும்? தர்மபுரம் தெரியும். விசுவமடு தெரியும். அனுராதபுரம் ஆஸ்பத்திரி தெரியும்.”

“அதெல்லாம் பாத்த இடமில்லை அக்கா. போய்க் கிடந்த இடம்.”

“ஓம்,” என்றாள்.

அறைக்கு ஏசி வேண்டுமா என்று கேட்டான். ஓம். பின் சீற்றா, முன் சீற்றா. ஓம். எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னாள். எனக்கு அந்த ஓம் பிடிக்கவில்லை. செய்ய மாட்டாத காரியத்துக்குத்தான் அவள் உடனே ஓம் சொல்வாள். அவன் சந்தோஷப்பட்டு அறைகளைப் பதிந்துவிட்டான்.

எனக்கு மலை பார்க்க ஆசை இருந்தது. கிளிநொச்சிச் சந்தையில் மூட்டை தூக்கிய காலத்தில் நுவரெலியாவிலிருந்து உருளைக்கிழங்கு லொறி வரும். சாக்கில் ஒட்டியிருந்த மண்ணை நசுக்கிப் பார்ப்பேன். எங்கள் மண் இல்லை அது. நெல் விளையாத ஒரு மண்ணில் ஆட்கள் எப்படி நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. வயதும் போகிறது. முழங்காலும் போகிறது.

ஐப்பசி பிறந்து விதைப்பு முடிந்தது. தம்பியும் அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். வீடு நிறைந்தது. அவள் சட்டி பத்தாமல் இரவல் வாங்கிச் சமைத்தாள், சிரித்தாள். அடுத்த நாள் காலை பயணம் என்று இருந்தது.

அன்று பின்னேரம் நான் வயலால் வந்தேன். விறாந்தையில் சாமான் குவிந்து கிடந்தது.

ஒரு மூட்டை அரிசி. கூரைக்கு மடித்துக் கட்டிய தறப்பாள். இரண்டு பானை, கேத்தில், தேங்காய் திருவலை, மண்வெட்டி. தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றியிருந்தாள். காணி உறுதியும் பிறப்புப் பத்திரங்களும் பொலித்தீன் பைக்குள். கால் கட்டிய இரண்டு கோழி. அவள் கதவடியில் நின்றாள்.

“இஞ்சருங்கோ, அந்தக் கிணத்து மோட்டரை ஒருக்காக் கழட்டித் தாங்கோ.”

“மோட்டர் ஏன்?”

“விட்டிட்டுப் போனால் இருக்குமே?”

அந்த நேரம் பார்த்து, தம்பி பயணத்துக்குப் பேசி வைத்த வான்காரர் வந்தார். பரந்தன் ஆள். என் வயதுதான். சாமானைப் பார்த்தார்.

“தங்கச்சி, இதுக்கு வான் காணாது. ரக்டர் பெட்டியெல்லோ பிடிச்சிருக்கோணும்.”

தம்பி வெளியே வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தான்.

“அக்கா, நாங்கள் ரூர் போறம். இடம்பெயரேல்லை. கோழிக்கும் ஹொட்டலில அறை போடச் சொல்லுறியளோ?”

“எனக்கு வேற மாதிரிச் சாமான் கட்டத் தெரியாதடா,” என்றாள்.

அவள் கோபப்பட்டுச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். வான்காரர் குனிந்து கோழியின் கால் கட்டை அவிழ்த்துவிட்டார். தம்பிக்குச் சிரிப்பு நின்றது.

பிறகு அவள் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்கத் தொடங்கினாள். அரிசி மூட்டையை நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

“நீங்கள் எல்லாரும் போட்டு வாங்கோ. நான் நிக்கிறன்,” என்றாள்.

“உங்களுக்காகத்தானே அக்கா வந்தனான்,” என்றான் தம்பி. “இனி எப்ப வருவனோ தெரியாது. அஞ்சு நாள். கதவைப் பூட்டினால் சரி. இப்ப ஆர் வந்து ஓட்டைக் கழட்டப் போறான்?”

“ஒருத்தரும் வராயினம். தெரியும்.”

“பிறகென்ன?”

அவள் குனிந்து பானையை எடுத்தாள். தெரிகிறது வேறு, படுத்தால் நித்திரை வருகிறது வேறு. அதை அவனுக்கு எப்படிச் சொல்வது. அவன் முற்றத்தில் போய்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் குந்தினான். அவனையும் பார்க்க ஏலவில்லை, இவளையும் பார்க்க ஏலவில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது. தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“மழை வரப்போகுது. வயலுக்கு ஆள் வேணும். நான் நிக்கிறன். நீ போட்டு வா,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்கும் மலை பாக்க விருப்பமெல்லே.”

“மலை எங்கயும் ஓடாது.”

“வீட்டிலதான் படுப்பியளோ? வயல் கொட்டிலுக்குப் போயிடுவியளோ?”

“வீட்டிலதான்.”

“விறாந்தையிலயோ, உள்ளுக்கையோ?”

“எங்க சொல்லுறியோ அங்க.”

“உள்ளுக்கை படுங்கோ. விறாந்தையில பனி.”

அதோடு அவளுக்கு முகம் கொஞ்சம் இளகியது. பொலித்தீன் பையை என் கையில் தந்தாள். ஒரு பையில் இரண்டு சேலையும் சுவெற்றரும் வைத்தாள். கேத்திலையும் வைத்தாள். ஹொட்டலில் கேத்தில் இருக்கும் என்றான் தம்பி.

“அது அவையின்ர கேத்தில்,” என்றாள். பிறகு ஒருவரும் கேத்தில் கதை கதைக்கவில்லை.

காலையில் வான் வந்தது. முன் சீற்றில் ஏறினாள். எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்திருந்தாள், இன்னும் ஒரு முறை சொன்னாள். கோழிக்கூடு, அடுப்பு, மோட்டர் சுவிச். வான்காரர், “தங்கச்சி, உங்கட மனிசன் சின்னப் பிள்ளையில்லை,” என்றார். “உங்களுக்குத் தெரியாது,” என்றாள். வான் போய்விட்டது.

அவள் இல்லாத வீடு எனக்குப் பழக்கமில்லை. பாணும் சம்பலும் தின்றேன். நல்லாகப் படுத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

திருகோணமலையிலிருந்து போன் எடுத்தாள். பின்னால் கடல் இரைந்தது. அவள் கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விளக்குப் போட்டேனா என்று கேட்டாள். அவள் இரவு முழுக்கக் கட்டிலில் குந்திக்கொண்டு இருந்தாள் என்று தம்பி அடுத்த நாள் சொன்னான். மட்டக்களப்பிலும் அதே கதைதான். “திருப்பிக்கொண்டு வரட்டோ அத்தான்?” என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. “இன்னும் ஒரு நாள் பார்,” என்றேன்.

அவர்கள் மலை ஏறிய அன்று இங்கே மழை கொட்டியது. நான் நாள் முழுக்க வயலில் நின்றேன். அவளிடமிருந்து போன் வரவில்லை. நான் எடுத்தேன், லைன் போகவில்லை. மண் சரிந்திருக்குமோ என்று இருந்தது.

காலையில் தேத்தண்ணி வைக்கும்போது தம்பி எடுத்தான். மெதுவாகக் கதைத்தான்.

“அத்தான், பண்டாரவளையில நிக்கிறம். சரியான குளிர். அக்கா இன்னும் எழும்பேல்லை.”

“எப்ப படுத்தவா?”

“பின்னேரம் வந்த உடனை சரிஞ்சவா. சாப்பிடவும் எழும்பேல்லை. பிள்ளையள் பக்கத்தில நிண்டு சத்தம் போடுறாங்கள், தெரியுதில்லை அவாவுக்கு. வெளிக்கிட நேரம் போகுது. எழுப்பட்டோ?”

“எழுப்பாதை,” என்றேன். “படுக்கட்டும்.”

“அப்ப நுவரெலியா பாக்க நேரம் காணாதே.”

“காணாட்டில் பரவாயில்லை.”

போனை வைத்தேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். கிழக்கு வரம்பு உடைந்து தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.