கடைத்தெருவைக் காட்டும் கண்ணாடி

கொல்கத்தா கரியாஹாட்டில் நான் வேலை பார்க்கும் சேலைக் கடையில் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று உண்டு. விரிப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்களும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெருவும் அதில் தெரியும். பெண்களை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சம். சேலையை என் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பேன். பிடித்துவிட்டால் அவர்கள் பார்வை சேலையை விட்டு நகராது. உடனே என்னோடு வேலை பார்த்த தாதாவுக்குத் தலையசைப்பேன். பேச்செல்லாம் அவர் பொறுப்பு.

தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் கடையில் எல்லோருக்கும் அவர் தாதா. துர்கா பூஜை நெருங்கும்போது பெண்கள் நடைபாதைக் கடைகளில் இடிபட்டு, வியர்த்துப்போய் உள்ளே வருவார்கள். மின்விசிறியைத் திருப்பிவிட்டு, டீ சொல்லிவிட்டுத்தான் தாதா பேச்சைத் தொடங்குவார்.

“எதிர்க்கடையில விலை கம்மி” என்பார் ஒரு மாசிமா. வயதான பெண்களை இங்கே அப்படித்தான் அழைப்போம்.

“ஆமா மாசிமா, ரெண்டு தடவை துவைச்சா கலரும் கம்மியாயிடும்.”

மாசிமா கோபித்துக்கொண்டு எழுந்தாலும் தாதா விடமாட்டார். “வாங்க வேண்டாம், பார்த்துட்டுப் போங்க.” எழுந்தவர் சிரித்தபடி உட்கார்ந்துவிடுவார்.

மால்கள் வந்தன, பிறகு போனில் வாங்கினால் வீட்டுக்கே பொட்டலம் வந்தது. விரிப்பு காலியாகக் கிடந்தது. தாதா நியூ டவுன் மாலில் வேலைக்குப் போனார். ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். சீருடையில், மாட்டித் தொங்கவிட்ட சேலைகளுக்கு நடுவே நின்றிருந்தார். “விலை அதுலயே தொங்குது. நான் வாயைத் திறந்தா ஆளுங்க நகர்ந்துடறாங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மேலாளர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். வீடு வரும்வரை எனக்கு மனசு சரியில்லை.

பேசத் தெரிந்தவர் அங்கே வாயை மூடி நிற்கிறார். இங்கே நான் பேச வேண்டுமாம். முதலாளியின் மகன் நேற்று என் எதிரே ஒரு தாங்கியில் போனைப் பொருத்தி, நேரலையில் சேலை விற்கச் சொன்னான். “இதுல வித்தாத்தான் கடை நிக்கும், காகு. இல்லேன்னா பூஜை முடிஞ்சதும் அப்பா இடத்தை வாடகைக்கு விட்டுடுவார்.” சித்தப்பா முறை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவான்.

இந்த வயதில் வேறு யார் என்னை வேலைக்குச் சேர்ப்பார்கள்? சேலையைத் தோளில் போட்டேன். பார்க்கிறவர்கள் எழுதியது போனில் மேலே மேலே ஓடியது. என் ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அந்த வேகம் எட்டவில்லை. என் முகம் மட்டும் தெரிந்தது. பழக்கத்தில் கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

“காகு, போன் இந்தப் பக்கம்.”

கண்ணாடியில், மூடிய கதவுக்கு வெளியே, பையோடு ஒரு மாசிமா நின்றிருந்தார். பார்வை சேலையை விட்டு நகரவில்லை.

“வாங்க வேண்டாம் மாசிமா, பார்த்துட்டுப் போங்க” என்றேன்.

“அப்படித்தான் காகு, இன்னும் பேசுங்க” என்றான் அவன், போனில் பார்ப்பவர்களுக்குத்தான் நான் சொன்னேன் என்று நினைத்து.

கதவுக்கு வெளியே அது கேட்டிருக்காது. மாசிமா நடந்து போய்விட்டார். தோளிலிருந்து சேலையை இறக்காமல், கண்ணாடியில் தெருவைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தேன்.