மாப்பிள்ளை மாற்றிய கீபோர்டு

போன புதன்கிழமை, என் முதலாளி வீட்டு மாப்பிள்ளையைப் பார்த்து, "சார், கொஞ்சம் எந்திரிங்க" என்று சொன்னேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த வாக்கியத்தின் கனம் தெரியும். மாப்பிள்ளையை உட்காரச் சொல்லலாம். சாப்பிடச் சொல்லலாம். இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொல்லலாம். எழுந்திருக்கச் சொல்லக் கூடாது. அதுவும் புது மாப்பிள்ளை! கல்யாணம் முடிந்து முதல் தடவையாக மாமனார் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருப்பவர்.

பிறகு ஏன் சொன்னேன்?

சொல்கிறேன். தினமும் காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ஒரு பத்திர எழுத்தரிடம் டைப்பிஸ்டாக வேலை பார்க்கிறவள் நான் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நல்ல மனிதர். விற்பது, வாங்குவது, எழுதிக் கொடுப்பது என்று மனிதர்கள் சொல்லச் சொல்ல அவர் வாசகம் அமைப்பார். நான் அடிப்பேன்.

அண்ணாச்சியின் மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோவில் அருவிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஆனால் அருவியில் தண்ணீர் இல்லை. வெறும் பாறையைப் பார்க்க எதற்கு அவ்வளவு தூரம்? மாப்பிள்ளைக்குப் பொழுது போகவில்லை. ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டு வந்து என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அருவியில் நாலு சொட்டு விழுந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போடுகிறேன்... யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. நான் நாலு வருடமாகப் பயன்படுத்தும் பிரவுசரைக் காணோம். அந்த இடத்தில் புதிதாக ஒன்று. திறந்தால் ஒரு நடிகையின் கல்யாணப் படம், பக்கத்தில் தங்கம் விலை. நான் கேட்டேனா?

"சிஸ்டர், உங்க சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருந்துச்சு. எல்லாத்தையும் கிளீன் பண்ணிப் புதுசா போட்டுட்டேன்" என்றார் மாப்பிள்ளை, வாசலில் நின்று காபி குடித்தபடி. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கிளீன்தான். பாஸ்வேர்டு எல்லாம் பழைய பிரவுசருக்குள் இருந்தது. அது போனதோடு போய்விட்டது. வரிசையாக நான் குறித்து வைத்திருந்த பக்கங்கள் போய்விட்டன. பதிவுக் கட்டணம் கட்டினால் ரசீது திறக்கும் சின்ன ஜன்னலைப் புதுசு திறக்கவே விடவில்லை — பாதுகாப்பாம். தமிழில் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும், "இந்தப் பக்கம் தமிழில் உள்ளது, மொழிபெயர்க்கவா?" என்று மேலே ஒரு பட்டை வந்து நிற்கும். வேண்டாம் என்று மூடினேன். அடுத்த பக்கத்திலும் கேட்டது. அதற்கடுத்த பக்கத்திலும் கேட்டது. அன்று ஒரே நாளில் எனக்குத் தமிழ் தெரியும் என்று எத்தனை தடவை அந்த மெஷினிடம் சொல்லியிருப்பேன்!

ஒரு விருந்தாளி உங்கள் அடுப்படிக்குள் புகுந்து, மிளகாய்ப்பொடி டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, "இனிமே சாஸ் ஊத்திக்குங்க" என்றால் சும்மா விடுவீர்களா? கம்ப்யூட்டருக்குள் புகுந்தால் மட்டும் நன்றி சொல்கிறோமே... அது என்ன கணக்கு?

இது வரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்ததுதான் பொறுக்க முடியவில்லை. என் கீபோர்டு.

பிளாஸ்டிக் கட்டை அதேதான். உள்ளே இருந்த தமிழ் டைப்ரைட்டர் முறையை எடுத்துவிட்டார். இனி தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டுமாம், அதுவும் பிரவுசருக்குள்ளேயே. 'அம்மா' என்று எழுத ஏ, எம், எம், ஏ. 'ந' வேண்டுமா? டபிள்யூவை அமுக்கு. டபிள்யூவுக்கும் 'ந'வுக்கும் என்ன சொந்தம்? யார் பார்த்து முடித்த சம்பந்தம் இது?

"ஒரு வாரத்துல பழகிரும் சிஸ்டர். ஊரே மாறிருச்சு" என்றார் மாப்பிள்ளை.

என் விரல்கள் மாறவில்லையே! நான் இரும்பு மெஷினில் படித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், கீயைக் குனிந்து பார்த்தால் மணிக்கட்டில் ஸ்கேலால் ஒரு தட்டு விழும். ய, ள, ன, க என்று இடது கை நாலு விரலுக்கும் நாலு எழுத்து. அந்த மெஷினில் புள்ளியை அடித்தால் தாள் நகராது. அதனால் புள்ளியை முதலில் அடித்து வைத்துவிட்டு, அதற்குக் கீழே எழுத்தைக் கொண்டு வந்து உட்கார வைக்க வேண்டும். என் வலது சுண்டுவிரல் இன்றைக்கும் அப்படித்தான் — எழுத்துக்கு முன்னால் புள்ளிக்கு ஓடும். புதிய முறையில் அந்த இடத்தில் இருப்பதோ அரைப்புள்ளி. பத்து நிமிடம் அடித்துவிட்டு நிமிர்ந்தால் திரை முழுக்க அரைப்புள்ளி, எள்ளைக் கொட்டின மாதிரி.

அப்பா ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைத்தவர். அம்மாவுக்கு இன்றைக்கும் கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் எழுத்தைத் தொட்ட முதல் விரல்கள் என்னுடையவை. அவை கற்று வைத்திருப்பதை, பொழுது போகாத ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஒரு கிளிக்கில் அழித்துவிட்டு, "பழகிரும்" என்றால்?

அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, உனக்கு எம்புட்டு கஷ்டம்னு எனக்குத் தெரியாதா? ஆனா மாப்பிள்ளை ஆசைப்பட்டுச் செஞ்சிருக்காரு. இப்பப் போயி வேண்டாம்னு சொன்னா அவரு மனசு கோணிரும். செத்த அனுசரிச்சுப் போ."

திங்கள் அனுசரித்தேன். செவ்வாய் அனுசரித்தேன். புதன்கிழமை செல்லத்தாயி அக்கா தன் தம்பியோடு வந்தார்.

செல்லத்தாயி அக்காவுக்குக் கான்சாபுரம். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் தோட்டம் தம்பி முருகேசன் பெயரில் இருக்கிறது. தம்பிக்கு வெளிநாட்டில் வேலை. பத்து வருடமாக அதில் பாடுபடுவது அக்காதான். அதில் பாதியை அக்கா பெயருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று தம்பி தானாக முன்வந்திருக்கிறார். எத்தனை தம்பிகள் செய்வார்கள்? அவர் மனைவிக்கு இதில் இஷ்டமில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மனைவியின் அண்ணன்மார் இரண்டு பேர் "பேச" வருகிறார்கள். மறுநாள் காலையில் முருகேசனுக்கு விமானம். திரும்பி வர இரண்டு வருடம்.

பதிவு அலுவலகத்தில் டோக்கன் மத்தியானம் இரண்டு மணிக்கு. பத்திரம் இனிமேல்தான் அடிக்க வேண்டும். அண்ணாச்சி வாசகம் தயார் செய்து வைத்துவிட்டு வெளி வேலையாகக் கிளம்பிப் போயிருந்தார்.

நான் உட்கார்ந்தேன். புள்ளிக்கு ஓடிய சுண்டுவிரலைப் பிடித்துப் பிடித்து இழுத்து, இருபது நிமிடத்தில் மூன்று வரி. என் பழைய வேகத்தில் இரண்டு பக்கம் முடிந்திருக்கும்.

மாப்பிள்ளை பின்னால் வந்து நின்றார். "நகருங்க சிஸ்டர், நானே அடிச்சுத் தாரேன். நீங்க வாசிங்க."

வாசித்தேன். அவர் அடித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே நாலு சொற்கள் பட்டியலாக விழும். அதில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். சாட்டில் "சாப்டியா" அடிக்க அது போதும். "மேற்படி சொத்தை இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாக ஆண்டு அனுபவித்துக் கொள்ள" என்று வந்தால்? அந்தப் பட்டியல் திணறியது. மாப்பிள்ளை வியர்த்தார். தோட்டத்தின் நாலு எல்லைக்கு வந்தபோது கிழக்கே இருந்த கிணற்றைக் காணோம். பட்டியலில் அவசரமாக எதையோ தொட்டதில் முந்தைய வரியே அழிந்துவிட்டிருந்தது. முதலிலிருந்து திரும்ப அடிக்க ஆரம்பித்தார்.

முருகேசன் வாட்சைப் பார்த்தார். அவர் போன் அதற்குள் மூன்று தடவை அடித்துவிட்டது; மூன்று தடவையும் வீட்டிலிருந்து. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவர், அக்காவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னைக்கு ஏலாதுன்னா... அடுத்த லீவுல வந்து பாத்துக்கிருவமாக்கா?"

செல்லத்தாயி அக்கா மடியில் இருந்த மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அடுத்த லீவு என்று ஒன்று கிடையாது என்று. ஒரு அக்காவின் அரை ஏக்கர், ஒரு மாப்பிள்ளையின் மனசு கோணக் கூடாது என்பதற்காகத் திரையில் துடித்துக்கொண்டிருக்கிறது!

அப்போதுதான் சொன்னேன். "சார், கொஞ்சம் எந்திரிங்க."

அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டிருக்கிறது. நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

"பழைய தமிழ் சாப்ட்வேரைத் திரும்பப் போட முடியுமா?"

"அது இந்தச் சிஸ்டத்துல ஏறாது சிஸ்டர். நான்தான் எல்லாத்தையும் மாத்திட்டேனே."

"அப்ப சரி சார்" என்று வாசகம் எழுதிய தாளை எடுத்துக்கொண்டேன். "அக்கா, உங்க பத்திரத்தாளு, ஆதாரு எல்லாத்தையும் எடுங்க. அண்ணே, வாங்க."

"எங்கம்மா?" என்றார் முருகேசன்.

"எதிர்த்தாப்புல."

எதிர்த்தாற்போல் இருப்பது ஜேக்கப் சார் ஆபீஸ். அவரும் பத்திர எழுத்தர். அவருக்கும் அண்ணாச்சிக்கும் ஆறு வருடமாகப் பேச்சு கிடையாது. ஒருவர் டீக்கடைக்குள் இருந்தால் மற்றவர் வெளியில் நிற்பார். அந்த வாசப்படியை நான் மிதித்ததே இல்லை. அன்று மிதித்தேன்.

ஜேக்கப் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இங்க வந்திருக்கது உங்க அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"இனிமேத்தான் சார் தெரியும். உங்க மெஷின்ல டைப்ரைட்டர் முறை இருக்கா?"

"வேற என்ன இருக்கும்?" என்றார். "என் வீட்டுக்குத்தான் இன்னும் மாப்பிள்ளை வரலையே!"

விஷயம் தெருவைத் தாண்டி ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கிறது.

ஜேக்கப் சாரின் டைப்பிஸ்ட் அன்றைக்கு லீவு. அவர் வாசகத்தை ஒரு முறை படித்தார். முருகேசனிடம், "தம்பி, மனசாரத்தான கொடுக்கீரு?" என்று கேட்டார். "ஆமா சார்." அக்காவிடம், "நான் எழுதினதா கையெழுத்துப் போடட்டுமாம்மா?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினார். "அப்ப உக்காரு தாயி" என்று எனக்கு நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். அந்தக் கீபோர்டில் பாதி எழுத்து தேய்ந்து போயிருந்தது. எனக்கு எதற்கு எழுத்து? சுண்டுவிரல் ஓடியது. புள்ளி விழுந்தது. அதன் கீழே எழுத்து வந்து உட்கார்ந்தது.

பின்னால் முருகேசன் போன் மறுபடியும் அடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. "வந்துட்டாகளா? சரி, காபியக் குடு. இருக்கச் சொல்லு" என்று அவர் சொல்வது கேட்டது. சாயங்காலம் வர வேண்டிய மச்சான்மார் மத்தியானமே வந்து இறங்கிவிட்டார்கள்! எனக்கு வேகம் இன்னும் கூடியது. கிழக்கே கிணறு, மேற்கே ஓடை, வடக்கே பாதை, தெற்கே முருகேசனே வைத்துக்கொண்ட மீதிப் பாதி. நாலு எல்லையும் நின்றது. ஒன்றரை மணிக்குப் பத்திரம் பிரிண்டரிலிருந்து சூடாக வந்தது.

இரண்டு மணிக்கு உள்ளே போனார்கள். வெளியே வந்தபோது முருகேசன் விரலில் மை. அக்கா அழுதுகொண்டிருந்தார். முருகேசன், "இப்ப எதுக்குக்கா அழுத? வீட்டுக்குப் போனா எனக்குத்தான் அழுகை பாக்கி இருக்கு" என்றார். அக்கா அழுகையோடு சிரித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, இதுனால உனக்கு வேலை போயிருமோ?"

"போனாப் போகுதுக்கா. அடிக்கிற கை எங்கிட்டதான இருக்கு."

சும்மா வீம்புக்குச் சொல்லவில்லை. நான் புதுசுக்கு எதிரி இல்லை. போனில் நானும் குரலில் பேசித் தமிழ் எழுதுகிறேன். நாளைக்கே இதைவிட வேகமான ஒரு முறை வந்தால், உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி, அதிலும் பாஸ் பண்ணுவேன். ஆனால் என் மேஜையில் இருப்பதை மாற்றுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 'பழசு' என்று அடுத்தவர் பெயர் வைக்கும் பல பொருள்களில் யாரோ ஒருவருடைய முழுப் பிழைப்பும் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டால்தானே தெரியும்? கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள்தான் 'கிளீன்' பண்ணுகிறார்கள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அண்ணாச்சி போன் பண்ணினார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? போயும் போயும் அந்த ஆளு கையெழுத்துலயா? இங்க மாப்பிள்ளை மத்தியானம் சாப்பிடவே இல்ல. நாளைக்கு வந்து ஒரு சாரி சொல்லிரு, முடிஞ்சு போச்சு."

"அந்த அக்காவுக்குப் பத்திரம் பதிஞ்சாச்சு அண்ணாச்சி."

"...அது சந்தோசந்தான்" என்றார்.

"என் பழைய கீபோர்டைத் திரும்பப் போட்டாச்சா?"

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில்தான் மாப்பிள்ளை இருந்திருக்க வேண்டும்.

"அவரு ஞாயித்துக்கிழம ஊருக்குப் போறாரும்மா. பஸ் ஏறட்டும். பொறவு ஆள் வச்சு மாத்திக்கிடுவோம்."

"சரி அண்ணாச்சி" என்றேன். "அப்ப நானும் பொறவே வாரேன்."