தகரச் சத்தத்துக்கு ஜெர்மன் சொல்

காது மெஷின் சரியில்லை என்று ஜெர்மன்காரர்கள் எழுதும் மெயில்களைப் படித்துத் தரம் பிரிப்பது என் வேலை. திருத்தணியில் வீட்டு மாடியில் உட்கார்ந்தே செய்கிறேன். சத்தம் எப்படிக் கேட்கிறது என்று சொல்ல அவர்களிடம் அத்தனை சொற்கள். துணி போட்டு மூடியதுபோல் இருந்தால் 'டும்ஃப்'. காதைக் கிழித்தால் 'ஷ்ரில்'. தகரத்தைத் தட்டுவதுபோல் இருந்தால் 'பிளெஹெர்ன்'. ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் உண்டு. யாரோ ஒரு கிழவர் 'பிளெஹெர்ன்' என்று ஒரு வரி எழுதினால் போதும், விழுந்தடித்துக்கொண்டு அவர் மெஷினைச் சரிசெய்து கொடுப்பார்கள்.

என் அப்பா பள்ளிப்பட்டு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ரிட்டையரான பிறகு காது மந்தமாகிவிட்டது. டவுனில் ஒரு கடையில் மெஷின் வாங்கினோம். மாட்டிய அன்றே சொன்னார்: "தகர டப்பாவுக்குள்ள பேசற மாதிரி கீதும்மா."

கடைக்காரனிடமும் போய்ச் சொன்னார்.

"அப்டித்தான் இருக்கும் பெரியவரே, பழகிடும்."

மூன்று முறை போனார், மூன்று முறையும் இதே பதில். அதன் பிறகு மெஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். யார் என்ன கேட்டாலும் "ஆங், ஆங்" என்று தலையாட்டினார். பள்ளிக்கூடத்தில் நடந்ததை ஓடிவந்து சொல்லும் என் மகள், தாத்தாவிடம் பேசுவதையே விட்டுவிட்டாள். பஸ் முழுக்கப் பேசிச் சிரிக்க வைத்த மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அலமாரியிலிருந்த மெஷினை எடுத்துக்கொண்டு, "வாங்க நைனா" என்று அவரைக் கடைக்கு இழுத்துப்போனேன்.

"இந்தத் தகரச் சத்தத்துக்கு ஜெர்மன்ல பிளெஹெர்ன்னு பேரு. ஹை ஃப்ரீக்வென்சியைக் குறைங்க. நான் இந்த வேலைதான் பாக்கறேன்" என்றேன்.

அவன் எழுந்தே நின்றுவிட்டான். "உக்காருங்க மேடம்." மெஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டி எதையோ தட்டினான். பத்தே நிமிஷம். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"சொன்னாரேய்யா! மூணு தடவ நடந்து வந்து சொன்னாரே! தமிழ்ல சொன்னா உன் மண்டையில ஏறாதா?" கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

திரும்பும்போது ஆட்டோவிலும் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த அப்பா சொன்னார்:

"அவன வுடும்மா. உன்கிட்டயும்தான் சொன்னேன். பழகிடும் நைனான்னு நீயும்தான் சொன்ன."

சொன்னேன்தான். அப்போது எவனோ ஒரு ஜெர்மன்காரனின் மெயிலைப் படித்துக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் திருப்பவில்லை.