ஜெசியின் கடைசித் தகடு

அழுகிய பூண்டு நாற்றம் எங்கே வந்தாலும் எனக்கு ஜெசி நினைவுதான் வரும். தனுவச்சபுரம் கல்லூரியில் எங்கள் ஆய்வகக் கரைசல் அப்படித்தான் நாறும்.

தங்கம் பூசிய தகட்டை அதில் ஒரு நாள் முழுக்க ஊறவைப்போம். நீண்ட மூலக்கூறுகள் தாமாகவே வந்து ஒட்டி, தோளோடு தோள் நெருங்கி, ஒரே அடுக்காக நிமிர்ந்து நிற்கும். அந்த அடுக்கு லேசில் உருகாது. நேரம் குறைந்தால் அவை கோணல்மாணலாகச் சாய்ந்து கிடக்கும். சிறு சூட்டிலேயே குலைந்துவிடும்.

என்னோடு ஆய்வு செய்த ஜெசி தன் கடைசித் தகட்டை ஊறப்போட்டிருந்தாள். எனக்கு அந்தப் பாத்திரம் வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்திலேயே தகட்டை எடுத்துக் கழுவி அவள் பெட்டியில் வைத்தேன். சொல்லவில்லை.

மறுநாள், தகடு முழு நேரமும் ஊறியதென்று நம்பி அவள் சூடேற்றியபோது, அடுக்கு எதிர்பார்த்ததற்கு வெகு முன்பே உருகியது. மூன்று நாளாகத் தன் பழைய குறிப்புகளையெல்லாம் புரட்டினாள்.

"நாலு வருசமா தப்பா அளந்திருக்கேன் மக்கா. எனக்க கைதான் சரியில்ல," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னைப் பயமுறுத்தியது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள் பாறசாலை பேருந்து நிறுத்தத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"காலையிலதான் ஆய்வு வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்," என்றாள்.

"திரும்ப வாங்கிரலாம் ஜெசி. நான் வந்து சொல்லுதேன்."

அவள் கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். நெய்யாற்றின்கரை பேருந்து வந்து நின்றது. படியில் கால் வைத்தபடி திரும்பினாள்.

"மூணு நாளு நான் என்னையே ஏசினப்போ, நீ பக்கத்துலதானே நின்ன? நான் போறேன்."