மத்தாப்புப் பெட்டியில் என் மகன்

காலை ஏழேகாலுக்கு விருதுநகர் பஸ் நிலையத்தில் சிவகாசி வண்டி ஏறினேன். இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் எட்டு ரூபாய். இதே விருதுநகரில் மிளகாய் மூட்டை சுமந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. இன்றைக்கு மூன்று குடோன், இரண்டு கார். காரில் போனால் டிரைவர் ஊரெல்லாம் சொல்லிவிடுவான்.

என் மகன் பெங்களூரில் பெரிய ராக் பாடகன். கிட்டாரோடு அவன் வீட்டைவிட்டுப் போன அன்று, அவன் படங்களையெல்லாம் நானே கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு அவன் மைதானம் நிறையக் கூட்டம் சேர்த்தான், மேடையில் கிட்டாரை உடைத்தான், மந்திரிகளைத் திட்டிப் பாடிக் கேஸ் வாங்கினான். பத்திரிகையில் வந்ததெல்லாம் போலீஸ் ஜீப்பில் துண்டால் முகம் மூடிய படம்தான். இந்தத் தீபாவளிக்கு மத்தாப்புப் பெட்டியில் அவன் முகம் வருகிறது என்று ஒரு வியாபாரி சொன்னார். எனக்கு ஒரு பெட்டி வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

ஏழே முக்காலுக்கு ஆமத்தூர். பக்கத்து இருக்கைக்காரர், "அண்ணாச்சி தனியாவா போறீக?" என்றார்.

"தனியா நின்னுதான் இம்புட்டும் சம்பாதிச்சேன்" என்றேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு, சிவகாசிக்கு வெளியே இருக்கும் மத்தாப்புக் கம்பெனி வாசலில் செருப்பையும் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். லேபிள் ஒட்டும் கொட்டகை வெடிமருந்து அறைகளுக்கு வெகுதூரத்தில் இருந்தது. அங்கே காலிப் பெட்டிகளில் அடுக்கடுக்காக என் மகன். தாடி வைத்திருந்தான், எனக்குத் தெரியாது. அந்த முகத்தின் மேல் பெண்கள் ரோஜாப்பூப் படம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கேஸு கீஸுன்னதும் வடக்க ஏஜெண்டுமாரு இவன் படம் வேணாம்னுட்டாக. பெட்டிய வீணாக்க முடியுமா, அண்ணாச்சி?" என்றார் ஃபோர்மேன்.

பசை தடவிக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தாள். "மூணு நாளா இவன் மூஞ்சிக்குப் பூ வச்சு வச்சு, கல்யாணமே முடிஞ்சு போச்சு. இவனப் பெத்தவுக எப்படித்தான் வெளிய தலைகாட்டுறாகளோ!"

"பூ ஒட்டாத பெட்டி ஒண்ணு கிடைக்குமா?" என்றேன்.

"இவன் உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் ஃபோர்மேன்.

மூன்று குடோன் முதலாளி நான், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "உறவெல்லாம் ஒண்ணும் இல்ல. பேத்தி விளையாடக் கேட்டா."

"பிள்ளைக்கா? அப்பப் பூ வச்சதக் கொண்டு போங்க, அளகா இருக்கும்." அந்த அம்மாள் ஈரம் காயாத ஒரு பெட்டியை என் கையில் வைத்தாள். எனக்குப் பேத்தி கிடையாது.

பத்தரைக்குச் சிவகாசி பஸ் நிலையம். தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால் பூ தனியே கழன்றிருக்கும். பொறுக்காமல் நகத்தால் உரித்தேன். முகம் கிழிந்து பூவோடு வந்துவிட்டது.

சிவகாசியில் வீட்டுக்கு வீடு நெருக்கம், சத்தம். என் வீட்டில் எட்டு அறை, நான் ஒருவன். பெட்டியை எறிந்துவிட்டேன். பூவை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதன் முதுகில் அவனுடைய ஒரு கண்ணும் கொஞ்சம் நெற்றியும் ஒட்டியிருக்கின்றன.