தம்பியின் மூக்கு வளையம்

அந்த வளையம் பூண்டுத் தோலின் கனம்கூட இருக்காது. என் இரண்டாவது தம்பிக்கு மூக்குக் குத்தி அம்மா போட்டது. மூத்த ஆண்பிள்ளை தவறிப்போனால் அடுத்தவனுக்கு மூக்குக் குத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். பொட்டப்பிள்ளை என்று நினைத்து எமன் விட்டுவிடுவானாம். விடவில்லை. மூத்தவனைப் போலவே சளியும் காய்ச்சலுமாகக் கிடந்து அவனும் போனான். எனக்கு அப்போது எட்டு வயது. தங்கை பிறந்தது அதற்குப் பிறகுதான். "ஆம்பளப் பிள்ள தங்காத வீடுன்னு பேரெடுத்தா உங்கள எவன்டி கட்டுவான்" என்று அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

தங்கைக்கு முதல் பிள்ளை ஆண். ஆறேழு மாதம் கொழுகொழுவென்று இருந்தான். பிறகு மாதம் தவறாமல் நெஞ்சுச்சளி, காதில் சீழ். தேனியில் பார்த்துப் பார்த்து, மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர், "உங்க பக்கம் ஆம்பளப் பிள்ளைங்க சின்ன வயசுல தவறியிருக்காங்களா?" என்று கேட்டார். தங்கை அதிகம் பேசாதவள். எங்கே போனாலும் பேசுகிறவள் நான். அந்த வாரம்தான் என் மகளைப் போடியிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் என்று இளக்காரமாக நினைத்துவிடக் கூடாதென்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "எங்க வம்சத்துல அப்படிக் கொற ஒண்ணும் கிடையாது."

சொல்லிவிட்டேனே தவிர, அந்த இருமலை எனக்குத் தெரியும். எட்டு வயதில் கேட்ட இருமல். ஊருக்கு வந்ததும் பிள்ளையை வடுகபட்டி ஆசாரியிடம் தூக்கிக்கொண்டு போய் மூக்குக் குத்தி, அந்த வளையத்தையே போட்டேன். கண்ணேறு கழியும் என்று தங்கையிடம் சொன்னேன். மூக்கு வீங்கிச் சீழ் வைத்து, ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. என் மகள் கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. தங்கை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு வருடம் மதுரை பஸ் ஏறி இறங்கினாள்.

ஒருநாள் வார்டில் ஊசி போட வந்த நர்ஸம்மா அவன் மூக்கைப் பார்த்துவிட்டு நின்றார். மயிலாடும்பாறைப் பக்கத்துக்காரர்.

"ஏம்மா, இவனுக்கு முன்னாடி பிறந்தது தவறிருச்சா?"

"இல்லக்கா, இவன்தான் மூத்தவன்."

"அப்ப என்னத்துக்கு மூக்குக் குத்துனீக? நம்ம பக்கம் சும்மா குத்த மாட்டாகளே."

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். தலை குனிந்தே பழகாத நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அந்த வாரமே ரத்தத்தைச் சோதித்தார்கள். நோயை எதிர்க்கிற சத்து அவன் ரத்தத்தில் ஊறவில்லையாம்; தாய் வழியில் வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிக்கிற குறையாம். "மருந்து ஏத்திக்கிட்டே வந்தா இருப்பான். நுரையீரல்ல கெட்டது கெட்டதுதான். ரெண்டு வருஷம் முந்தியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ் ஆண்டிபட்டியைத் தாண்டியது. தங்கை, "எனக்கு அண்ணன்மாரு இருந்தாகன்னே எனக்குத் தெரியாதேக்கா" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவனுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. கம்ப்யூட்டரில் கணக்கெழுதும் வேலை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை மதுரை போய் மருந்து ஏற்றிக்கொள்கிறான். துணைக்கு நான் போகிறேன். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவான். வலது காது கேட்காது. "திட்டணும்னா அந்தப் பக்கம் உக்காந்து திட்டு பெரியம்மா, ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்பான்.

போன முறை சொட்டு இறங்கிக்கொண்டிருக்கும்போது கேட்டான். "அக்கா மக முழுகாம இருக்காளாமே. சொல்லிட்டியா?"

என் மகளின் மகளைத்தான் கேட்டான். என் வழியிலும் அந்தக் குறை இறங்கியிருக்கலாம் என்று டாக்டர் அன்றே சொன்னதுதான். மகளிடம்கூட நான் வாய் திறந்ததில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று இழுத்தேன்.

இருமி முடித்துவிட்டுச் சொன்னான்: "என்னையக் காட்டிச் சொல்லு, பயப்பட மாட்டா. பய பிறந்து, முதல்லயே தெரிஞ்சிட்டா, அவனாச்சும் நிக்காமப் படியேறுவான்ல."

இன்று காலை அந்த வளையத்தைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போடி பஸ் ஏறியிருக்கிறேன். என்ன அம்மாச்சி இது என்று பேத்தி கேட்பாள். எனக்கு இரண்டு தம்பிகள் இருந்தார்கள் என்று தொடங்க வேண்டும்.