கடைமடையில் ஒரு காலியிடம்

எங்கள் வீட்டில் ஸ்கூட்டர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது. முழங்கால் உயரம், வேப்ப மரம், மேல் விளிம்பில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் அது துணி தேய்க்கிற மேசையின் மேல்பாகமா என்று கேட்பார்கள். ஒருவர் மட்டும் சப்பாத்திப் பலகையாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் பலகையையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். யார் கேட்டாலும் என் மனைவி ஒரே பதில்தான் சொல்வாள்: "அது இவங்க உத்தியோகம்."

உண்மையில் அது மடைப் பலகை. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பிரிகிற வாயில் இரண்டு பக்கமும் சிமெண்டில் பள்ளம் விட்டிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் பலகையை இறக்கினால் தண்ணீர் நிற்கும், தூக்கினால் பாயும். இதற்கு மேல் இதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை, இருந்தும் நான் அதைத் தலைகீழாகத் தெரிந்துகொண்டேன், அது பிறகு வரும். பலகையை என்னிடம் கொடுத்தவர் என் சகலை, அதாவது மனைவியின் அக்காள் கணவர். அக்காள் இப்போது இல்லை. சகலை இருக்கிறார், ஆனால் காரைக்காலில் இல்லை.

சகலை ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அந்த வகையில் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உண்டு. மகன் அதை வைத்துக்கொண்டு பிரான்சுக்குப் போய் வேலை, கல்யாணம், குழந்தை என்று அங்கேயே தங்கிவிட்டான். சகலையோ தன்னுடையதைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தார். மனைவி போன பிறகு புடவைகளையும் எடுக்கவில்லை, பாஸ்போர்ட்டையும் எடுக்கவில்லை. மகன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கூப்பிடுவான். இவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்.

அப்போதுதான் ஊரடங்கு வந்தது. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, கடல் பக்கம் தவிர எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். சாதாரண நாளில் அந்த எல்லை பெட்ரோல் விலையிலும் பிராந்திக் கடைகளின் நெருக்கத்திலும்தான் தெரியும். அந்த மாதங்களில் அது நிஜமாகவே எல்லையாக நின்றது. தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் காய்கறி வண்டி, இந்தப் பக்கம் நாங்கள். சகலை அந்தக் கட்டையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்றே முடிவு செய்துவிட்டார், எல்லைக்கு இந்தப் பக்கம் நெடுங்காட்டில் இருக்கிற தன் நிலத்தில் ஒரு தற்சார்பு ஊர் உண்டாக்குவது என்று. நாலைந்து குடும்பம் போதும். தின்பதை விளைவிக்க வேண்டும், தேவையானதைக் கையால் செய்துகொள்ள வேண்டும், மோட்டார் கூடாது, கடைக்குப் போகக் கூடாது. இதைக் கேட்ட மகன் கோபப்படவில்லை, அதைவிட மோசமாக நியாயமாகப் பேசினான். "கிறிஸ்துமஸுக்கு வர்றேன். அங்க உங்களோட நாலு பேர் இருக்காங்கன்னு என் கண்ணால பாத்தா விட்டுட்டுப் போறேன். இல்லேன்னா உங்க டிக்கெட்டும் சேத்துதான் எடுப்பேன்." ஆகவே சகலைக்கு டிசம்பருக்குள் ஓர் ஊர் தேவைப்பட்டது.

ஊர் உண்டாக்கும் முதல் கூட்டம், ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. வந்தவர்கள் பக்கத்து வீட்டுக் கம்பவுண்டரும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதியும். சகலை கபடிக்கு ஆள் பிரிப்பதுபோல வேலைகளைப் பிரித்தார். கம்பவுண்டருக்கு வைத்தியமும் கோழிகளும். வங்கிக்காரருக்கு ஆடு. அவர் மனைவிக்குத் தறி, ஏனென்றால் அவர் ஒரு காலத்தில் ஸ்வெட்டர் பின்னியிருக்கிறார். காரைக்கால் வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. என் மனைவிக்குப் பள்ளிக்கூடம். வரிசை என்னிடம் வந்தபோது சகலை, "நீங்களே சொல்லுங்க. ஒரு வாரம் யோசிச்சு சொல்லுங்க" என்று சலுகை கொடுத்தார். மற்றவர்களுக்குக் கொடுக்காத அந்தச் சலுகைதான் என்னை உறுத்தியது.

நான் ஒரு சர்க்கார் ஆபீசில் யு.டி.சி., அதாவது குமாஸ்தா. ஒரு காகிதத்தை வாங்கி, அதன்மேல் இன்னொரு காகிதத்தை வைத்து, இரண்டையும் இன்னொருவருக்கு அனுப்புவது என் தொழில். ஒழிந்த நேரத்தில் சிறு பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். அது நகைச்சுவை என்பது தலைப்புக்கு மேல் அச்சடித்திருப்பதால் தெரியும். காகிதமே இல்லாத ஊரில் நான் என்ன செய்வேன்? அந்த வாரம் முழுக்க ஆபீசில் என்னால் உட்கார முடியவில்லை. குயவன் ஆகலாம் என்று நினைத்தேன். களிமண் பிசைகிற மாதிரி கண்ணை மூடிப் பார்த்தால் முதுகு வலித்தது. ஆடு மேய்க்கலாமென்றால் அதை வங்கிக்காரர் எடுத்துக்கொண்டுவிட்டார். முடிவெட்டலாம், ஆனால் நாலு குடும்பத்துத் தலைகளும் என்னிடம் ஒருமுறைதான் வரும். சமையலறைக் குழாயின் வாஷரை நான் மாற்றப்போய் தெருவுக்கே தண்ணீர் போன கதை எல்லோருக்கும் தெரியுமாதலால் குழாய் வேலையைப் பற்றி நினைக்கவே இல்லை. கடைசியில், எந்த ஊருக்கும் கதை சொல்கிற ஒருவன் வேண்டும், ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று மனைவியிடம் கொஞ்சம் கம்பீரமாகச் சொன்னேன். அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். "இந்த வீட்டுல மூணு பேரு இருக்கோம். யாரு கேக்குறா?" என்றாள்.

அடுத்த ஞாயிறு கையை விரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். சகலை அதை எதிர்பார்த்திருந்தார். தட்டை நகர்த்திவிட்டு என் பக்கம் திரும்பி, ஒரு பரிசை அறிவிக்கிற குரலில் சொன்னார்: "கவலைப்படாதீங்க சகலை. உங்களுக்குன்னு ஒரு எடம் வச்சிருக்கேன். நம்ம ஊருக்கு நீங்கதான் மடையன்."

கம்பவுண்டருக்கு ரசம் மூக்கில் ஏறியது. வங்கிக்காரர் மனைவி ஜன்னலைப் பார்த்தார். என் மனைவிதான் முதலில் வாய் திறந்தாள். "இதுக்குப் போயி கூட்டம் போடணுமா அத்தான்? கல்யாணத்தன்னிக்கே கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே." நான் கை கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். போகிற வேகத்தில் அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தது அந்தப் பட்டத்தை உறுதிசெய்தது.

மறுநாள் சகலை சைக்கிளில் என் ஆபீசுக்கே வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் அவர்தான் அவமானப்பட்டவர் மாதிரி இருந்தது. மடையைத் திறந்து அடைக்கிறவன்தான் மடையன், வெள்ளக் காலத்தில் உயிரைக் கொடுத்து மடையைத் திறந்தவர்களின் பெயர் அது, பின்னால் வந்தவர்கள் வசவாக்கிவிட்டார்கள் என்றார். அந்தச் சொல் அப்படித்தான் திரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு வாட்ஸப்பில் வந்திருந்தது. ஆனால் வேலை நிஜமான வேலைதான். நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எல்லோர் வயலையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் எங்களிடம் வரும், சில வருஷம் வழியிலேயே மனம் மாறிவிடும். வருகிற சமயத்தில் வாய்க்காலில் ஒருவன் காத்திருக்க வேண்டும். நான் விடவில்லை. குடகில் மழை பெய்து, மேட்டூரில் யாரோ கையெழுத்துப் போட்டு, கல்லணையில் பிரித்துக் கொடுத்து வருகிற தண்ணீரை நம்பி இருக்கிற ஊருக்குத் தற்சார்பு என்று எப்படிப் பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது.

"அதுக்குத்தான் சகலை ஒரு ஆளு வேணும்ங்கிறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க நல்லா உக்காருவீங்க. இங்க வர்றப்பல்லாம் பாத்திருக்கேன்" என்றார். என் பணிக்காலம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அது.

ஆனால் அதிலும் அவர் ஏமாந்தார். நாற்காலியில் உட்காருவது வேறு, வராத தண்ணீருக்காக வரப்பில் உட்காருவது வேறு. அந்த வருஷம் மேட்டூர் திறந்த செய்தி பேப்பரில் வந்ததும், சாயங்காலம் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து நேராக நெடுங்காட்டுக்குப் போனேன். சகலை அதற்குள் தச்சரிடம் சொல்லி வேப்பம் பலகையை அறுத்து வாங்கியிருந்தார். நான் உட்கார்வேன், எழுந்திருப்பேன், வாய்க்கால் ஓரமாகத் தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் நடந்து, அவர்கள் பக்கமும் காய்ந்துதான் கிடக்கிறது என்று உறுதி செய்துகொண்டு திரும்புவேன். "உக்காருங்க சகலை. நீங்க போயி கூப்பிட்டா சீக்கிரம் வராது" என்பார் அவர். ஒரு சாயங்காலம், வெடித்த தரையில் நுரையும் சருகும் முன்னே வர, நடுவில் ஒரு டீக்கப்பும் ஒற்றைச் செருப்பும் மிதக்க, தண்ணீர் வந்தது. நான் பதறிப் போய்ப் பலகையை இறக்கினேன். எங்கள் வயலைத் தவிர எல்லா இடத்துக்கும் தண்ணீர் போனது. சகலை சிரிப்பில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பலகையைத் தூக்கிய பிறகு, வயலில் தண்ணீர் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, எல்லோருக்கும் வேலை பிரித்தவர் தனக்கென்று ஒன்றும் சொல்லவில்லை என்பது. கேட்டேன். அவர் காலைத் தண்ணீரில் அளைந்துகொண்டே சொன்னார், கொஞ்சம் கூச்சத்தோடு.

"ஒவ்வொரு வீட்டு வாசலாப் போயி, சாப்பிட்டாச்சான்னு கேக்குறது."

அதெல்லாம் ஒரு வேலையா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க யாரும் கேக்காத வீட்டுல இருந்ததில்ல சகலை" என்றார்.

அதன் பிறகு அவருடைய திட்டத்தை நான் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன். ஆடு, தறி, கோழி எல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றிக் கட்டிய வேலிகளாகத் தெரிந்தன. வேலியோ ஒவ்வொரு பக்கமாகச் சரிந்தது. கம்பவுண்டரின் மகள் பிரசவத்துக்கு வந்தாள், பேரக்குழந்தையை விட்டு அவரால் நகர முடியவில்லை. வங்கித் தம்பதிக்குச் சகலையின் ஊரில் கரண்ட் இருக்காது என்பது நிதானமாகப் புரிந்தது. என் நிலைமை அதைவிட எளிது. மனைவிக்கு வேலை, மகளுக்குக் கல்லூரி, எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி. வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வரப்பில் நடந்துகொண்டே இருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மகன் வந்தான். நல்ல பையன், ஜெர்கினைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு நிலத்தைச் சுற்றிப் பார்த்தான். பச்சையாக நெல் நின்றது, ஒரு கொட்டகை இருந்தது, ஊர் இல்லை. மடையோரம் நின்றிருந்த என்னிடம் வந்து, "சித்தப்பா, நீங்க இங்க வந்து இருக்கப் போறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டான். நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டார். "அவருக்கு வேலை தண்ணி வர்றப்ப மட்டுந்தான்டா. மத்த நாளு வரத் தேவையில்ல." மகன் தலையாட்டினான். அந்த வாக்கியத்தால் அவர் என்னை விடுவித்தார், தன்னை மகனிடம் ஒப்புக்கொடுத்துவிட்டார். புறப்படுகிற அன்று பீரோவிலிருந்து பாஸ்போர்ட் வெளியே வந்தது. பலகையைத் துடைத்து என் ஸ்கூட்டரில் அவரே வைத்தார்.

இப்போது அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் போர்வெல் மோட்டார் போட்டு, மடை வாயில் பிளாஸ்டிக் குழாய் பதித்துவிட்டார். பலகைக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் மேட்டூர் திறந்தது என்று பேப்பரில் பார்த்தால் என்னால் ஆபீசில் உட்கார முடிவதில்லை. காகிதத்தின்மேல் காகிதத்தை வைக்கும்போது கை மறந்துவிடுகிறது. எங்கேயோ ஒரு வாய்க்கால் ஓரத்தில் நான் இருக்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை என்பது மாதிரி ஒரு பரபரப்பு. குடகில் மழையா என்று போனில் பார்க்கிறேன். நான் பார்ப்பதால் குடகுக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்த வாரமும் அப்படித்தான். நேற்றுச் சாயங்காலம் பலகையை ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்திக்கொண்டு, இரண்டு முழங்காலையும் அகற்றி வைத்தபடி நெடுங்காட்டுக்குப் போனேன். குத்தகைக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, "வாங்க சார், தண்ணி பாக்க வந்துட்டீங்களா?" என்றார். பழகிவிட்டார். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பலகையை வரப்பில் போட்டு உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தபோது போன் அடித்தது.

நமக்குச் சாயங்காலம் என்றால் பிரான்சில் சகலைக்கு மத்தியானம். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருப்பார்கள், குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கும். போன் திரையில் சகலை கோடையிலும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். பின்னால் மேசையில் ஒரு தட்டு இன்னொரு தட்டால் மூடியிருந்தது.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"வரும். நடக்காதீங்க, உக்காருங்க." பிறகு வழக்கமான கேள்வி. "சாப்பிட்டாச்சா?"

இத்தனை வருஷமாக அதற்கு ஆச்சு என்றோ இனிமேல்தான் என்றோ சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருக்கிறேன். நேற்று அந்த மூடிய தட்டு கண்ணில் பட்டது. "நீங்க சாப்பிட்டீங்களா சகலை?" என்றேன்.

அவர் திரும்பி அந்தத் தட்டைப் பார்த்தார். தன் வேலையை இன்னொருவன் எடுத்துக்கொண்டால் எப்படியிருக்கும் என்று யோசித்தாரோ என்னவோ. "தண்ணி வரட்டும், பாத்துட்டு சாப்பிடுறேன்" என்றார்.

இன்றைக்கு வராது சகலை, எப்போது வரும் என்றே தெரியாது, நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். பலகையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். நகர்ந்த இடத்தில் போனை ஒரு மண்கட்டியில் சாய்த்து, அவருக்கு வாய்க்கால் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன்.